தள்ளி நிறுத்திய புல்லட்

என் சிநேகிதன் கல்யாணராமன் யார் வீட்டுக்குப் போனாலும் தன் புல்லட்டை அந்த வீட்டு வாசலில் நிறுத்துவதில்லை. நாலைந்து வீடு முன்னாலேயே, மதிலோரமாகவோ மரத்தடியிலோ நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்துதான் வருவான். மழை கொட்டினாலும் அப்படித்தான். எண்பத்தொன்றில் நான் தோஹாவுக்குப் போய்விட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு அலைவது அவன்தான். ஒருமுறை என் சித்தி வீட்டுப் பக்கம் அடைமழை. "வாசல்லயே நிறுத்தேண்டா, நனையறோம்" என்றேன். "வேண்டாம், அது இங்க இருக்கட்டும்" என்றான், ஏதோ செருப்பைக் கழற்றி வெளியே விடுகிறவனைப்போல. வண்டியில் அப்போது ஒரு குறையும் இல்லை. சீட்டையே அதற்குள் மூன்று தடவை மாற்றியிருந்தான்.

காரணத்தில் பாதியை அவன் சொன்னான், மீதியை அவன் மனைவி கமலாக்ஷி சொன்னாள். இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். "தாராளமா எழுதுங்கோ. என் பேரைக் கமலான்னு சுருக்கப்படாது, அவ்வளவுதான்" என்றாள் அவள். அவன் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது சரியா என்று இப்போதும் எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கிறது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கல்யாணராமனுக்கு வேலை. மூட்டைகளிலிருந்து சாம்பிள் எடுத்துப் பொட்டலம் கட்டித் தரகர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவான். அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவன் மிளகுத் தூசியில் முதல் சில மாதம் தும்மிக்கொண்டே இருப்பான். ஒருநாள் தும்மல் நின்றுவிடும். அன்றைக்கு அவன் எல்லோருக்கும் சாயா வாங்கித் தர வேண்டும். "மூக்கு உறச்சு போயி!" என்று மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் முதுகில் தட்டுவார்கள். மூக்கு உறுதியாகிவிட்டது, இனி நீ எங்களில் ஒருவன் என்று அதற்கு அர்த்தம். கல்யாணராமன் சாயாவோடு பரிப்பு வடையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தான்.

தும்மலோடு சேர்ந்து மோப்பமும் போய்விட்டது என்பதை மட்டும் அவன் கவனிக்கவில்லை. மிளகின் ஈரத்தைப் பல்லில் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுகிறவனுக்கு மூக்கின் தேவை வரவே இல்லை. கல்யாணமான புதிதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருக்க, இவன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தானாம். கூடத்திலிருந்து ஓடிவந்த கமலாக்ஷி, "நன்னாருக்கு! பேப்பர்ல அப்படி என்ன சேதி?" என்று கேட்டாள். கவனமில்லாத மனுஷன் என்று முடிவு கட்டிவிட்டாள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

அப்போது அவனிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. ஒருவர் போக நன்றாக ஓடும். இரண்டு பேர் ஏறினால் சமதரையில் முனகிக்கொண்டே போகும். ஆனால் மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போக வேண்டுமென்றால் தோப்பும்படிப் பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். எழுபத்தொன்பது தைமாதம், கமலாக்ஷியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தேவராவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டான். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. அவள் இறங்கினாள். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். அவன் பக்கத்தில் பெடலை மிதித்தபடி வந்தான். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் அவர்களை உரசினாற்போல மெதுவாக ஏறியது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள்.

"சேட்டா, வண்டியைத் தோளில் வச்சோ! சேச்சி நல்லா நடக்குந்நுண்டு!" என்று ஒருவன் கத்தினான். பஸ் முழுக்கச் சிரித்தது.

பாலத்தின் உச்சியில் கமலாக்ஷி நின்றாள். முகம் சிவந்திருந்தது. "இனி உங்க வண்டியில நான் ஏறமாட்டேன். சத்தியமாக்கும்."

சொன்னபடியே செய்தாள். அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் அவள் படகிலோ பஸ்ஸிலோ போனாள். அவன் மொபெட்டில் முன்னால் போய்ப் படகுத்துறையிலோ பஸ் நிறுத்தத்திலோ காத்திருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்துக்கு வேறு வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். தெருவில் இதைக் கவனிக்காதவர்கள் இல்லை. எதிர்வீட்டு மாமா, "என்னடா கல்யாணா, உங்காத்துல ரெண்டு டைம்டேபிளா?" என்று கேட்டே விட்டார். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்பு. அந்தப் பாலத்தில் அவளை இறங்காமல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஆவணியில் அவளுடைய தங்கை கங்காவுக்கு ஆலுவாவில் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் கல்யாணராமன் மொபெட்டை விற்றான். கையில் சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு ஒரு பழைய புல்லட் வாங்கினான்.

விற்றவர் அவுசேப்பு சேட்டன், தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் செம்மீன் என்கிற இறாலுக்குத் தரகர். படகிலிருந்து இறங்கிய செம்மீனைப் பனிக்கட்டியோடு பெட்டியில் போட்டு, புல்லட்டின் பின்னால் கட்டி, கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்க் காட்டுகிறவர். ஒரு வகையில் இருவரும் ஒரே தொழில்தான், சாம்பிள் காட்டுகிற தொழில். ஒளிவுமறைவு இல்லாத மனுஷர். கிக்கரை எப்படி உதைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல அழுத்தி, பிறகு ஒரே உதை. நியூட்ரலுக்கு வலது குதிகாலால் சின்ன லீவரை ஒரு தட்டு. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கொஞ்சம் தயங்கினார்.

"மோனே, செம்மீன் ஏத்தின வண்டியாணு. கழுகியிட்டுண்டு. எங்கிலும் மணம்... நீங்கள் பட்டன்மாரல்லே?"

கழுவியிருந்தாலும் பட்டன்மாருக்கு, அதாவது தமிழ்ப் பிராமணர்களுக்கு, மீன் வாடை ஆகுமா என்று கேட்கிறார். அதைக் கல்யாணராமனும் யோசித்து வைத்திருந்தான். குனிந்தான். சீட்டில் மூக்கை வைத்து இழுத்தான். பின்பக்கம் போய்க் காரியரில் வைத்து இழுத்தான். டூல் பாக்ஸைத் திறந்து அதற்குள்ளும் இழுத்தான்.

"ஒரு மணமும் இல்லையே சேட்டா."

அவுசேப்பு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து, "எங்கில் தெய்வம் ரக்ஷிக்கட்டே" என்று சாவியைக் கொடுத்தார். இவ்வளவு பெரிய மனசுள்ள பட்டரை அவர் பார்த்ததில்லை.

தெருவுக்குள் புல்லட் நுழைந்தபோது வீட்டுக்கு வீடு ஆள் வெளியே வந்தது. கோவில் முன்னால் நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். பூஜை செய்யும் சாந்திக்காரர் கற்பூரத்தட்டை எட்ட நின்றே ஒரு சுற்றுச் சுற்றினார், குங்குமத்தை வண்டி விளக்கின் மேல் வீசினாற்போலப் போட்டார், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். சத்தத்தில் பயந்துவிட்டார் என்று கல்யாணராமன் நினைத்தான். எதிர்வீட்டு மாமா மேல்துண்டை வாய்மேல் பொத்திக்கொண்டு வந்தார்.

"பலே! தைரியம்தாண்டா உனக்கு."

"புல்லட்டாக்கும் மாமா. தைரியம் இல்லாம ஓட்ட முடியுமோ?"

"அதுவும் உண்டு" என்றார் மாமா.

தெருவில் ஒருவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அத்தனை தூரம் அதன்மேல் உட்கார்ந்து வந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும், தெரிந்துதான் துணிந்து வாங்கியிருக்கிறான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் பேச்செல்லாம் பக்கவாட்டில் வந்தது. அவன் அத்தனையையும் பொறாமை என்று எண்ணிச் சந்தோஷப்பட்டான். சாயங்காலம் வண்டியடியில் இரண்டு பூனைகள் படுத்திருந்தன. மறுநாள் நாலு. "வண்டிக்குக் காவலுக்கு ஆள் போட்டிருக்கியா?" என்றார் மாமா. எஞ்சின் சூட்டுக்கு வருகிறதுகள் என்று அவன் விளக்கினான்.

கமலாக்ஷிக்குத் தெரு முனையில் வண்டி திரும்பும்போதே தெரிந்துவிட்டது. எதிரே அவன் முகத்தைப் பார்த்தாள். கோப்பை வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி இருந்தது. அவன் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பாலத்துல இனி நீ எறங்க வேண்டாம்." அதற்குப் பிறகு அவளால் என்ன சொல்ல முடியும்? ராத்திரி சீட்டைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். ஏன் என்று கேட்டவனிடம், "அழுக்கு" என்றாள். பால் தீய்ந்த நாளும், இன்னும் பல நாட்களும் அப்போதுதான் அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்து புரிந்தனவாம்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் அவள் சத்தியத்தை விட்டுவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை. தோப்பும்படிப் பாலத்தில் புல்லட் ஒரே சீராக ஏறியது. உச்சியில் அவன், "எப்படி?" என்று கத்தினான். "நன்னாருக்கு" என்று அவளும் கத்தினாள். வாயைத் திறந்ததும் மூடிக்கொண்டாள். இடப்பள்ளி தாண்டியதும் வெயில் ஏறியது. எஞ்சின் சூடும் வெயிலும் சேர்ந்ததும் சீட்டுக்குள் ஊறிக் கிடந்ததெல்லாம் எழுந்து வந்தது. களமசேரியில் பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரன் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேகமெடுத்துப் போனான். புல்லட்டை மதித்து வழிவிடுகிறான் என்றான் கல்யாணராமன்.

ஆலுவாவில் பெரியாற்றங்கரை வந்ததும், "இங்க நிறுத்துங்கோ. முங்கிக் குளிச்சுட்டுப் போலாம்" என்றாள்.

"இப்பவா? ஆத்துல குளிச்சுட்டுத்தானே கெளம்பினோம்."

"பெரியாறாக்கும். நல்ல காரியத்துக்குப் போறோம். நீங்களும் முங்குங்கோ."

மடியிலிருந்த பையில் இருவருக்கும் மாற்றுத்துணி இருந்தது. சந்தன சோப்பும் இருந்தது. பக்திதான் என்று அவன் நம்பினான். குளித்து, துணி மாற்றி, அங்கிருந்து பிறந்த வீடுவரை கொஞ்ச தூரம்தான் என்று அவள் நடந்தே வந்தாள். அவன் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு முன்னால் போனான். "வண்டியை அந்த முக்குலயே நிறுத்திடுங்கோ, வீட்டு வாசல்ல வேண்டாம்" என்று பின்னாலிருந்து சொன்னாள். அவனுக்கு அது காதில் விழாமல் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டிலிருந்து காரில் வருகிறார்கள். மூத்த மாப்பிள்ளையிடம் என்ன வண்டி இருக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டாமா? மாவிலைத் தோரணத்துக்கு நேர் கீழே, கேட்டை ஒட்டி நிறுத்தினான்.

கார் வந்தது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா வெங்கிடேஸ்வரன். கனத்த உடம்பு, கனத்த குரல். ஒரு காலைத் தரையில் வைத்ததுமே கைக்குட்டையை எடுத்தார்.

"என்ன இது? பக்கத்துல மீன் சந்தை எதானும் உண்டோ?"

மாமனார் கைகூப்பியபடியே திகைத்து நின்றார். வெங்கிடேஸ்வரன் சுற்றிப் பார்த்தார். புல்லட்டின் சீட்டில் ஒரு சாம்பல் பூனை உட்கார்ந்து மும்முரமாக நக்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தடியில் இன்னொன்று.

"ஓ! இதாக்கும் சந்தை. ஆரோட வண்டி இது? மீன்காரனை அழைச்சிருக்கேளா நிச்சயத்துக்கு?"

காரிலிருந்து இறங்கியவர்கள் சிரித்தார்கள். கல்யாணராமனுக்கு அப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எட்ட நின்ற கற்பூரத்தட்டு, மாமாவின் மேல்துண்டு, பூனைகள், அவுசேப்பு நெஞ்சில் வைத்த கை, பெரியாறு, சந்தன சோப்பு. கடைசியாக வந்ததுதான் உள்ளே பாய்ந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை தூரமும் தெரிந்தே உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவன் மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

மாமனார் அவனைப் பார்த்தார். எல்லோரும் அவர் பார்த்த பக்கம் திரும்பினார்கள்.

"தெரியலை" என்றான் கல்யாணராமன். "ஆரோ நிறுத்திட்டுப் போயிருக்கா."

வலது கை தானாகவே இடுப்புக்குப் போய், வேஷ்டி மடிப்பிலிருந்த சாவியை மூடிக்கொண்டது. நிமிர்ந்தபோது கூடத்து ஜன்னலில் கமலாக்ஷி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் ஜன்னலை விட்டு உள்ளே போனாள்.

"கொஞ்சம் தள்ளியானும் வையுங்கோளேன்" என்றார் வெங்கிடேஸ்வரன்.

அவனேதான் தள்ளினான். வேறு யார் தள்ளுவார்கள்? கியரில் இருந்தது. யோசிக்காமல் குதிகாலால் நியூட்ரல் லீவரைத் தட்டினான். காரோட்டி வந்த பையன், "நல்ல பழக்கம் இருக்கே சாருக்கு!" என்றான். கல்யாணராமன் காதில் விழாததுபோலத் தெரு முக்குவரை தள்ளிக்கொண்டு போனான். பூனைகள் பின்னாலேயே போயின. அவள் நிறுத்தச் சொன்ன அதே முக்கு.

நிச்சயதார்த்தம் குறைவில்லாமல் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் வெங்கிடேஸ்வரன் மீன் வண்டிக் கதையை, பிந்தி வந்தவர்களுக்காக, இன்னொரு தரம் சொன்னார். பூனை நக்கினதைக் கையால் நடித்துக் காட்டினார். இலை இலையாகச் சிரித்தார்கள். கல்யாணராமனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் அவன் என்னிடம் இரண்டு தடவை சொன்னான். பாயசம் பரிமாறிக்கொண்டு வந்த கமலாக்ஷி அவன் இலையில் மட்டும் குறையாமல் ஊற்றினாள். முகத்தைப் பார்க்கவில்லை. கங்காவின் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அது உண்மையில்லை. வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது கங்கா அவன் நினைப்பில் இல்லவே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் முற்றத்தில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கமலாக்ஷி பையோடு வந்து நின்றாள்.

"கேட்டேளா, கெளம்பலாமா?"

அவன் எழுந்து அவள் அருகே போனான். "பஸ்ல போயிடலாம்" என்று முணுமுணுத்தான். "வண்டியை நான் நாளைக்கு வந்து..."

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் கேட்டைத் தாண்டி நடந்தாள். முற்றத்திலிருந்து பார்த்தால் தெரு முக்கு நன்றாகத் தெரியும். அவள் வண்டிக்குப் பக்கத்தில் போய், சீட்டிலிருந்த பூனையை "போ" என்று விரட்டினாள். புடவைத் தலைப்பால் சீட்டைத் துடைத்தாள். பட்டுப்புடவை. பையைக் காரியரில் வைத்துக் கட்டினாள். பிறகு திரும்பி, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"வாங்கோ! வண்டியை எடுங்கோ. நேரமாறது."

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை ஒவ்வொன்றாக நின்றது. வெங்கிடேஸ்வரன், "அப்போ அது..." என்று ஆரம்பித்தார்.

"நம்ம வண்டிதான் பெரியப்பா" என்றாள் கமலாக்ஷி அங்கிருந்தே. "எனக்காக வாங்கினார். செம்மீன் ஏத்தின வண்டி. மணம் இருக்கு, நாலு மழை நனைஞ்சாப் போயிடும்."

"ஓ... ஷெரி, ஷெரி" என்றார் அவர். தட்டிலிருந்து பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

முற்றத்திலிருந்து அந்த முக்குவரை கல்யாணராமன் நடந்தான். வேஷ்டி மடிப்பிலிருந்து எல்லோர் கண்ணெதிரிலும் சாவியை எடுக்க வேண்டியிருந்தது. அம்மீட்டர் முள்ளைப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டி முள் தெரியவில்லை. உதைத்தான். வண்டி இருமிவிட்டு அடங்கியது. மறுபடி உதைத்தான். கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலில் பட்டது. முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் நன்றாக இருக்குமே என்றிருந்தது. கமலாக்ஷி குனிந்து முள்ளைப் பார்த்து, "நடுவுல வந்துடுத்து, இப்போ" என்றாள். வண்டி பிடித்துக்கொண்டது.

ஆலுவாவிலிருந்து எர்ணாகுளம் வந்து சேர்ந்தார்கள். தேவராவில் ஒரு சிக்னலில் நின்றபோது பக்கத்துப் பஸ்ஸிலிருந்து யாரோ மூக்கைப் பிடிப்பதைப் பார்த்தான். இப்போது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கை அவன் தோளில் இருந்தது. காலையில் வைத்திருந்த அதே இடம்.

தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றம் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தான்.

"மணம் வர்றதா?"

"வர்றது."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"காலையிலயும்?"

"காலையில இதைவிட."

அவன் வேகத்தைக் குறைத்தான். ஏற்றத்தின் நடுவில், அன்றைக்கு மொபெட் நின்றதற்கு மறுபக்கத்தில், வண்டியை ஓரமாக நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "தெரியலைன்னு சொல்லிட்டேன். நீ வேணும்னா எறங்கி பஸ்ல போ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றான்.

ஒரு பஸ் அவர்களைத் தாண்டி ஏறிப் போனது.

"அன்னிக்கே நடந்து பார்த்தாச்சு இந்தப் பாலத்தை" என்றாள் கமலாக்ஷி. "கால் வலிக்கும். எடுங்கோ."